ஈவோனின் சரிபாதி

ரொட்டியில் பாதியைக் காணோம்.

பெரார் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோர்வால் கோட்டையின் வடக்குக் கோபுரத்துக்கு அடியில், கல்லெல்லாம் குளிர்ந்து வியர்த்துக்கொண்டிருக்கிற நிலவறையில், காலையில் கதவிலிருந்த சின்னத் திறப்பு வழியாக வந்த பார்லி ரொட்டியை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். விழித்துப் பார்த்தால் பாதிதான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் நாமே தின்றிருப்போம் என்று நினைத்துக்கொள்ளலாம், முற்றுகைப் பசி எதையும் செய்யும். ஆனால் ரொட்டியில் கடித்த தடம் இல்லை. கத்தி வைத்து அறுத்தாற்போல நேராக இருந்தது விளிம்பு, அவனுடைய கத்தியோ இடுப்பு உறையை விட்டு வெளியே வரவே இல்லை. எலி என்று சொல்லவும் வழியில்லை. கோட்டையில் இருந்த எலிகளைப் போன மாதமே பிடித்துத் தின்று தீர்த்தாகிவிட்டது.

கதவு வெளியே தாழிட்டிருந்தது. உள்ளே அவன் ஒருவன்தான்.

அங்கே அவனுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. தரையில் ஓர் அகலமான பித்தளைத் தட்டு நிறையத் தண்ணீர் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே கூடாரம் அடித்துக் கிடக்கிற எதிரிகள் மறுபடியும் கோபுரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டினால், கடப்பாரை விழுகிற அதிர்வில் தண்ணீரில் வளையம் எழும். உடனே கத்த வேண்டும். எத்தனையோ பிரபுக்களுக்குக் கூலிக்கு வாள் பிடித்தவன், பனியிலும் சேற்றிலும் குதிரையோடு படுத்து எழுந்தவன், ஒரு பிஷப்புக்காக இன்னொரு பிஷப்பின் ஊரையே கொளுத்தியவன், கடைசியில் ஒரு தட்டுத் தண்ணீருக்குக் காவல்! கேட்டவர்கள் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தத் தரைக்கு அடியில் யார் கிடப்பது என்று அவனுக்குத் தெரியும்.

"மகோ!" என்று கதவுத் திறப்பில் வாயை வைத்துக் கூப்பிட்டான். மகோ சமையற்கட்டுக்காரி, அந்தக் கோட்டையில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள்.

"என்ன வீரரே, அதுக்குள்ள பசிச்சிருச்சா?"

"ரொட்டிய முழுசாத்தான் குடுத்தியா?"

"அட, நல்லாயிருக்கே! என் கையால முழுசா குடுத்தேன். பாதிய உங்க தம்பிக்கு எடுத்து வெச்சுட்டு, என்கிட்ட கேக்குறீங்களாக்கும்?"

சொன்ன வேகத்தில் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள் போல, குரலைத் தணித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க வீரரே. மேல எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க, வாயில வந்துருச்சு." அவளுடைய மரச்செருப்புச் சத்தம் அவசரமாகப் படியேறிப் போனது.

தம்பி என்று அவள் சொன்னது ஈவோனை. கூடப் பிறந்தவன் இல்லை, எதிரி முகாமில் கூலிக்கு இருந்த பிரெத்தோன் நாட்டுக்காரன். எதிரிகள் தோண்டிக்கொண்டு வர, கோட்டைக்காரர்கள் எதிரே தோண்டிக்கொண்டு போக, இரண்டு சுரங்கமும் மண்ணுக்குள் ஒன்றையொன்று முட்டும். முட்டிய இடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் போட்டு, இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனும் தீப்பந்த வெளிச்சத்தில் நின்று வெட்டிக்கொள்வார்கள். அப்படி மோதியவர்கள் எந்தக் கொடிக்குக் கீழே நின்றாலும் அதற்குப் பிறகு ஆயுதச் சகோதரர்கள். பெராரும் ஈவோனும் கை ஓயும்வரை வெட்டினார்கள். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றி, கட்டைக்கு மேலாகக் கையைப் பற்றிக்கொண்டு, வழக்கப்படி சத்தியம் செய்தார்கள்: என்னிடம் உள்ளதில் சரிபாதி உனக்கு, உன்னிடம் உள்ளதில் சரிபாதி எனக்கு.

"ஒரே கிண்ணத்துல குடிச்சாத்தான் இது முழுசாகும். இங்கயே இரு, கொண்டு வர்றேன்" என்றான் பெரார்.

"எங்கண்ணே போகப் போறேன்? வாங்க" என்றான் ஈவோன்.

பெரார் மேலே வந்து திராட்சை மதுவை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, படைத்தலைவன் கிஸ்கார் சுரங்கத்தைத் தாங்கி நின்ற மரங்களுக்குத் தீ வைக்கச் சொல்லிவிட்டான். மண் இரண்டு பக்கமும் சரிந்தது. நடுவில் ஈவோன் மாட்டிக்கொண்டான்.

உயிரோடுதான் இருந்தான். கல்லைக் கல்லில் தட்டுகிற சத்தம் நாள்கணக்காக இந்தத் தரை வழியே கேட்டது. தோண்டி எடுத்துவிடலாம் என்று பெரார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். தோண்டினால் கோபுரமே இறங்கிவிடும், ஒருத்தனுக்காக எல்லாரும் சாவதா என்றான் கிஸ்கார், அதில் பொய்யும் இல்லை. எதிரிக்குச் சகோதரனானவனை மதில்மேல் நிறுத்தினால் எந்த நேரம் யாருக்குக் கதவைத் திறப்பான் என்று சொல்லமுடியாது என்றுதான் பெராரை இங்கே இறக்கித் தாழிட்டார்கள். ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றது. நின்றபோது ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் பெராருக்கு இப்போதும் உடம்பு கூசியது.

இப்போது, ரொட்டியோடு வந்திருந்த குவளையைப் பார்த்தான். முழுதாக ஊற்றி வைத்திருந்த மதுவும் பாதியாகியிருந்தது.

மதியமானதும், உயரத்தில் இருந்த அம்பு எய்வதற்கான சுவர்ப் பிளவு வழியாக ஒரு கீற்று வெயில் இறங்கியது. அதில் போய் உட்கார்ந்தான். வலது தோளில் சூடு இதமாக ஏறியது. இடது தோளிலும் அதே வெயில்தான் விழுந்தது, ஆனால் அங்கே ஏறவில்லை. இடது கையைத் தொட்டுப் பார்த்தான், ஆற்றங்கரைக் களிமண்ணைத் தொட்டாற்போல இருந்தது. விரல் அசைந்தது, வலி தெரிந்தது, அதன் சூடு மட்டும் வேறெங்கோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கூடவே ஒரு வாசம் எழுந்தது. மழைக்குக் கிளம்புகிற நல்ல மண்வாசம் இல்லை, வெளிச்சமே படாத ஆழத்து மண்ணின் கனத்த, புளித்த வாசம், அதில் கரிந்த மரமும் நனைந்த இரும்பும் கலந்திருந்தன.

தட்டைப் பார்த்தான். வளையம் ஏதும் இல்லை. தண்ணீரில் ஒரு பாதி நடுங்கிக்கொண்டிருந்தது, மறுபாதி அசையாமல் கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது.

கூலிப்படைக்காரர்கள் அந்தச் சத்தியத்தை மொட்டையாகச் சொல்லவே மாட்டார்கள். சரிபாதி என்று சொன்ன கையோடு, "என் தலைவன் நீங்கலாக, என் உயிரும் உடம்பும் நீங்கலாக" என்று சேர்த்துவிடுவார்கள். தலைகால் புரியாத போதையிலும் அந்த வார்த்தைகள் தானாக வந்து விழும், அவ்வளவு பழக்கம். அன்றைக்கு மண்ணுக்கு அடியில், உயிரோடு இருக்கிறோம் என்ற சந்தோஷத்தில், பெரார் அதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. எதுவுமே நீங்கலாக இல்லை. முட்டாள், முட்டாள் என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். ரொட்டி போயிற்று, மது போயிற்று, உடம்புச் சூடு போய்க்கொண்டிருக்கிறது. பங்கு போட இனி அவனிடம் என்ன இருக்கிறது? உயிர்தான்.

கதவை உடைக்கிற மாதிரி இடித்தான். கிஸ்கார் படியிறங்கி வந்தான்.

"என்னடா, தோண்டுறானுங்களா?"

"இல்ல தலைவரே. பாதிரியார அனுப்புங்க. அந்தச் சத்தியத்த அவுக்கணும்."

கிஸ்கார் வாய்விட்டுச் சிரித்தான். "கையப் புடிச்சுப் போட்ட சத்தியத்த, கையப் புடிச்சுத்தானடா அவுக்கணும்? பாதிரியார் வந்து என்ன கிழிப்பாரு? உன் தம்பி கைய நான் எங்கேருந்து கொண்டு வர?"

"அப்ப கதவையாவது திறங்க. மதில்ல நிக்குறேன். அம்புக்கு நேரா நிக்கச் சொன்னாலும் நிக்குறேன். இங்க மட்டும் வேணாம்."

"செத்தவனுக்குப் பயந்துக்கிட்டு அம்புக்கு முன்னால நிக்குறானாம், பெரிய வீரன்! பேசாம தண்ணியப் பாருடா."

"தலைவரே, அவன் என்னைத் திங்கிறான்!"

காலடிச் சத்தம் மேலே போய் மறைந்தது.

பெரார் கதவில் சாய்ந்து மூச்சை இழுத்தான். பாதிதான் வந்தது. நெஞ்சு விரிந்தது, நடுவழியில் நின்றது, மீதியை இழுக்க முடியவில்லை. பயத்தில் அப்படி இருக்கும் என்று நினைத்தான். மறுபடி இழுத்தான். அப்போது காதில் விழுந்தது. தரைக்கு அடியில் யாரோ மீதி மூச்சை இழுத்தார்கள்.

இவன் விட்டான். கீழேயும் விட்டது.

இவன் அடக்கிப் பார்த்தான். கீழே காத்திருந்தது.

இடது கண் மங்கியது. கசக்கினான். விரலில் மண் ஒட்டியது. இன்னும் கசக்கினான். இன்னும் மண். வெயில் கீற்றில் பாதி இருண்டது. அறையில் பாதி இல்லை. ஜெபம் சொல்ல வாயெடுத்தான், பாதிச் சொற்கள்தான் வெளியே வந்தன. மீதிச் சொற்களைக் கீழிருந்து ஒரு குரல் பணிவாகச் சொல்லி முடித்தது.

கையைப் பிடித்தால்தான் அவிழும். கிஸ்கார் கிண்டலுக்குச் சொன்னதுதான், ஆனால் உண்மை. வேறு வழியும் இல்லை. கத்தியை உருவி, தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லின் இடுக்கில் செருகி, வலது கையால் நெம்பினான். நெம்பவே தேவையிருக்கவில்லை, கல் தளர்ந்துதான் இருந்தது. கீழே கருப்பு மண். அதில் ஒரு குழி. குழிக்குள் கையை விடுவதற்கு முன்னால், இரண்டு தடவை பின்னுக்கு இழுத்துக்கொண்டுவிட்டான். மூன்றாம் தடவை விட்டான்.

ஒரு கை வந்து அவன் கையைப் பற்றியது. கதகதப்பான கை. அந்தச் சூடு அவனுடையது.

"ஈவோன்..."

"அண்ணே!" அதே குரல். சந்தோஷமாக இருந்தது. "எவ்வளவு நேரமாச்சு! காத்துக்கிட்டே இருக்கேன்."

"அவங்க கொளுத்திட்டாங்கப்பா. தோண்டச் சொல்லிக் கெஞ்சினேன். நெஜமா கெஞ்சினேன்."

"தெரியும்ணே, கேட்டுச்சு. எனக்கு உங்க மேல துளிகூட வருத்தம் இல்ல."

பெராருக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பி, அந்தச் சத்தியத்த அவுத்துடலாம்டா. இதோ கையப் புடிச்சிருக்கேன். நான் உன்னை விடுவிக்குறேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லிரு."

கீழிருந்த பிடி தளரவில்லை.

"அதெப்படிண்ணே முடியும்?" குரலில் உண்மையாகவே சங்கடம் இருந்தது. "உங்க ரொட்டில பாதி தின்னேன். சூட்டுல பாதி வாங்கிக்கிட்டேன், மூச்சுல பாதி வாங்கிக்கிட்டேன். இவ்வளவையும் வாங்கிட்டு, என்கிட்ட இருக்குறதுல உங்க பங்கக் குடுக்காமப் போனா நான் என்ன மனுஷன்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்!"

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. இங்க நெறைய இருக்கு."

கையை இழுத்தான். வரவில்லை. கத்தினான். பாதிக் குரல்தான் எழும்பியது, அது கதவு வரைக்கும்கூடப் போகவில்லை.

குழியிலிருந்து மண் எழும்பி வந்தது. அவசரமில்லாமல் வந்தது. முழங்கையைச் சுற்றி நிரம்பியது, வழிந்தது, மடியில் பரவியது. அவன் உட்கார்ந்திருந்த கற்கள் சத்தமில்லாமல் அவனோடு கீழே இறங்கின. பாதங்கள் போயின. முழங்கால் போயிற்று. தொடை. ஈரமான, குளிர்ந்த, கனத்த மண். இடுப்புவரை வந்தது.

அங்கே நின்றது. சரியாக அங்கே.

அதற்குமேல் ஒரு பிடிகூட ஏறவில்லை. மேலே பாதி அவன், பாதி மூச்சோடு, ஒற்றைக் கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே, மண்ணுக்குள், அவனுடைய காலை ஒட்டி யாரோ புரண்டார்கள். பக்கவாட்டில் நகர்ந்தார்கள். முதுகைச் சுவரோடு சேர்த்து ஒடுங்கிக்கொண்டு, அவன் படுக்க இடம் விட்டார்கள்.