பார்க்க வந்த துப்பாக்கி

மூன்றாவது துப்பாக்கி ஞாயிற்றுக்கிழமை மாலை பார்க்க வருவதாகச் செய்தி வந்ததிலிருந்து நல்லசிவத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. விடிந்ததும் கூடத்தைக் கழுவச் சொன்னான். திரைச்சீலையை மாற்றச் சொன்னான். கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜியும் போடச் சொன்னான். துப்பாக்கி பஜ்ஜி தின்னாது என்று மனைவி பரிமளா சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

காசு இருந்தால் துப்பாக்கி வாங்கிவிடலாம் என்ற காலமெல்லாம் மலையேறிவிட்டது. திருடனுக்காக வாங்கிய துப்பாக்கிகள் வீட்டு ஆட்களையே சுட்டுத் தள்ளிய பிறகு, அரசாங்கம் சட்டத்தைத் திருப்பிப் போட்டது. இனிமேல் துப்பாக்கிதான் வீட்டைத் தேர்ந்தெடுக்கும். அதன் நெற்றியில் ஒரு நாடிக்கண் உண்டு. முகத்தில் இரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்தே இதயத் துடிப்பைக் கணக்கிட்டுவிடும். யார் எதற்குப் பயப்படுகிறார்கள், பயந்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு மாலைப் பொழுதில் அளந்துவிட்டு, சரி அல்லது இல்லை என்று சொல்லும்.

நல்லசிவத்தை ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிகள் தட்டிக் கழித்திருந்தன. நீளத் துப்பாக்கி, “உங்கள் சுவர் மெலிசு, என் குண்டு பக்கத்து வீட்டுக் கட்டிலில்தான் போய் நிற்கும்” என்றது. பெரிய கைத்துப்பாக்கியோ, “நான் உதைக்கிற உதையை உங்கள் மணிக்கட்டு தாங்காது” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. மூன்றாவதும் மறுத்தால் ஆயுசுக்கும் உரிமம் கிடையாது. அடுத்த தெருவில் திருட்டுப் போனதிலிருந்து குடியிருப்பில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி. எதிர்வீட்டுப் பல் மருத்துவருக்குக்கூட அமைந்துவிட்டது! இதுவும் கைவிட்டுப் போனால் வெளியே தலைகாட்ட முடியுமா?

கடை முகவர் நூருல்லா வெள்ளித் தட்டில் வைத்து எடுத்து வந்தார். உள்ளங்கை அளவுதான் இருந்தது. பெயர் சிட்டு.

“அடடா, என்ன அழகுங்க!” நல்லசிவம் கைகொட்டினான். “கையில எடுத்துப் பாக்கலாங்களா?”

“மொதல்ல அது உங்களப் பாக்கட்டுமுங்க,” என்று நூருல்லா ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

சிட்டு சோதனையைத் தொடங்கியது. முதலில் ஜன்னல் கண்ணாடி உடையும் சத்தத்தை எழுப்பியது. நல்லசிவம் துள்ளி எழுந்து, சோபாத் தலையணையைக் கேடயமாகப் பிடித்தான். பரிமளா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து, பின்கதவை யாரோ உலுக்குவது போலச் சத்தம் கேட்டது. மாடிப்படியில் தெரியாத காலடி ஒன்று ஏறி வந்தது. அவள் பாட்டுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா என்ற சம்சாரத்த! பயம்னா என்னன்னே தெரியாதுங்க!” நல்லசிவத்துக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தான். முகம் மாறியது. “சர்க்கர எங்க?” என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தவன், விருந்தாளி இருப்பது ஞாபகம் வந்து, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

நாடிக்கண் பச்சையாகியது. “இந்த வீட்டை ஏற்கிறேன்,” என்றது சிட்டு.

நல்லசிவம் நூருல்லாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். தோளில் ஒட்டியிருந்த தோள்பேசியைத் தட்டி, பல் மருத்துவரில் ஆரம்பித்துக் குடியிருப்பு முழுவதையும் கூப்பிட்டான். “அமைஞ்சிருச்சுங்க! ஒடனே வாங்க, கேசரி சாப்பிடலாம்!” பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியின் பிடியில் கட்டைவிரலை வைத்தான். அதன் பூட்டு திறக்கவில்லை. அழுத்தி வைத்துப் பார்த்தான்.

“உங்களுக்கு இல்லை,” என்றது சிட்டு. “பரிமளா அவர்களுக்கு.”

நல்லசிவம் திகைத்தான், பிறகு சிரித்தான். “அதுஞ் சரிதான். பகல்ல ஊட்ல தனியா இருக்கறவ. திருடன் கிருடன் வந்தா...”

“திருடனுக்கு அவர் பயப்படவில்லை. யாருக்குக் காவல், யாரிடமிருந்து காவல், இரண்டையும் சட்டப்படி நான் சொல்லியாக வேண்டும். கண்ணாடி உடைந்தபோது அவர் நாடி அசையவே இல்லை. நீங்கள் நாற்காலியைத் தள்ளி எழுந்தபோது ஓட்டமெடுத்தது. காவல் உங்களிடமிருந்துதான்.”

நூருல்லா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். நல்லசிவத்துக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“ஏண்டி, என்னத்தடி சொல்லி வெச்ச இதுகிட்ட?”

கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். பரிமளா தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். அவள் விரல் பட்டதுமே துப்பாக்கியின் பூட்டு டக்கென்று திறந்துகொண்டது. அவள் அதை யாரையும் நோக்கி நீட்டவில்லை, தரையைப் பார்த்தே பிடித்திருந்தாள். இருந்தும் ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது. நல்லசிவத்துக்குப் பயமாக இருந்தது. அந்தப் பச்சைக் கண் தன் முகத்தையே பார்ப்பது போலிருந்தது.

“பாய், இந்தச் சனியன எடுத்துட்டுப் போயிருங்க.”

“ஏத்துக்கிட்டா அவ்வளவுதானுங்க. திருப்பி அனுப்பணும்னா உரியவங்க வாயத் தொறந்து சொல்லணும். அம்மா சொன்னா இப்பவே எடுத்துக்கறேன்.”

வாசல் மணி அடித்தது. வெளியே ஏழெட்டுக் குரல்கள் சிரித்தன. குடியிருப்பே வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டது.

“பரிமளா...” அந்தக் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “எல்லாரும் வந்துட்டாங்க அம்மிணி. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிரு. சொல்லிருவயில்ல?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவள் பதிலுக்காக அவன் காத்து நின்றது அன்றுதான். பரிமளா அவசரப்படவில்லை. சிட்டுவை இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவைத் திறக்கப் போகிறபோது, அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“யோசிச்சுச் சொல்றேனுங்க.”