குடுவையில் ஏறிய குஞ்சு

"கையை நனைச்சுடாதே. குடுவை மட்டும்தான் தண்ணியைத் தொடணும்," என்று அப்பா மறுபடியும் சொன்னார்.

எல்மெர் தலையாட்டினான்.

மழை இல்லாமல் வயலில் மக்காச்சோளம் சுருண்டு நின்றது. இன்று ஊரே கூடி, சாக் என்னும் மழைத் தெய்வத்தைக் கும்பிடப் போகிறது. படையலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது எல்மெரின் பொறுப்பு. கைபட்ட தண்ணீர் படையலுக்கு ஆகாது.

தம்பி வில்பெர்ட்டும் அவனும் செனோட்டே என்னும் இயற்கைக் கிணற்றின் கல்படிகளில் இறங்கினார்கள். அந்த ஆழமான பள்ளத்தின் அடியில் நீலத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"உள்ளே வரலாமா, ஐயா?" என்று தண்ணீரைக் காக்கும் தெய்வத்திடம் எல்மெர் கேட்டான்.

"வரச் சொல்லிட்டாராண்ணா?"

"வேண்டாம்னு சொல்லலையே. வா."

கடைசிப் படியை அடைந்தபோது, 'தொப்' என்று ஏதோ விழுந்தது. கிணற்றுப் பாறைகளில் வாழும் 'தோ' என்ற பறவையின் குஞ்சு! பாறைப் பொந்திலிருந்து தவறி விழுந்து, தண்ணீரில் சிறகடித்துத் தத்தளித்தது. தாய்ப் பறவை நீண்ட வாலை ஆட்டி அலறியது.

"அண்ணா, முங்குது! நான் குதிக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்டா! தண்ணி கெட்டுப்போயிடும்!"

குஞ்சின் தலை ஒருமுறை மறைந்து மேலே வந்தது. எல்மெருக்கு அப்பாவின் வாடிய முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கயிற்றில் கட்டிய புதுக் குடுவையைக் குஞ்சின் பக்கத்தில் இறக்கிச் சாய்த்தான்.

"ஏறிக்கோ, செல்லம்... ஏறிக்கோ..."

ஒருவழியாகக் குஞ்சு உள்ளே புகுந்தது. மெல்ல மேலே தூக்கி, கைக்கெட்டிய பொந்துக்குள் குடுவையைச் சாய்த்து விட்டான். பிறகு குடுவையை நிரப்பினான். தண்ணீரில் ஒரு சின்ன இறகு மிதந்தது.

"அதை எடுத்துப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் வில்பெர்ட்.

"இதையா சாமிக்கு ஊத்தறது? நான் சொல்லிடப்போறேன்டா."

வழியெல்லாம் அவன் குடுவையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தான். படையல் மேசையருகே பூசாரி எவேலியோவும் அப்பாவும் காத்திருந்தார்கள்.

"தாத்தா, கை படலை. ஆனா தோ குஞ்சு விழுந்துடுச்சு. இந்தக் குடுவையாலதான் தூக்கினேன்."

அப்பாவின் முகம் வெளிறியது. பூசாரி இறகைப் பார்த்தார்.

"குஞ்சு பிழைச்சுதா?"

"பிழைச்சுது, தாத்தா."

"அது மழைச் சாமியோட பறவைடா. தன் வீட்டுக் குழந்தை குளிச்ச தண்ணியை அவர் வேண்டாம்னா சொல்லுவாரு? கொடு இப்படி."

இறகோடு சேர்த்தே அவர் தண்ணீரைப் படைத்தார். அப்பா எல்மெரின் தோளில் கை வைத்தார்.

மழையை அழைக்க, வழக்கப்படி சிறுவர்கள் மேசைக்கடியில் உட்கார்ந்து தவளைபோல் கத்தினார்கள். வில்பெர்ட்டின் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தினார்கள்.

"க்ராக்... க்ராக்..."

எல்மெர் தம்பியைப் பார்த்தான்.

"நான் இல்லண்ணா! அங்கேருந்து!"

செனோட்டேயின் பக்கம் ஒரு நிஜத் தவளை கத்திக்கொண்டிருந்தது.