பச்சை டேப் சுற்றிய சால்டரிங் அயர்ன்

விருதுநகர் மழையை நம்பவே முடியாது. மாதக்கணக்கில் முகம் காட்டாது... வந்தால் ரோட்டில் போகிறவர்களை ஓட ஓட விரட்டும். 2007ஆம் வருஷத்துப் புரட்டாசியில் ஒரு மதியம், அது ஞானசுந்தரியை விரட்டிக்கொண்டிருந்தது.

ஒரு டிபன் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி ஓடினாள். டப்பாவுக்குள் சோறு இல்லை. சூலக்கரையில் வாடகைக்குப் பிடித்த அறையில் அவளும் சிநேகிதி வள்ளித்தாயும் சால்டர் வைத்துப் பார்ட்ஸ் ஒட்டி முடித்த எமர்ஜென்சி விளக்கு போர்டுகள் இருந்தன. சென்னைக் கம்பெனி கேட்ட சாம்பிள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஜெர்மனிக்குப் போகிற ஆர்டர் கைக்கு வரும். அம்மா குருவம்மாள் அப்புறம் வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைக்குப் போய் வெடிக்கு மருந்து செலுத்த வேண்டாம். சாயங்காலம் ஆலை வேன் வந்து அம்மா இறங்கும் வரைக்கும் இவள் வாசலிலேயே நின்று பார்த்திருக்க வேண்டாம்.

கண்ணில் பட்ட கடைக்குள் தாவி ஏறினாள். அதே நேரம், வாசலில் நனைந்த டிவியை உள்ளே இழுக்க ஒருவன் வெளியே வந்தான். மோதிய வேகத்தில் டப்பா பறந்தது.

"கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

"தெரியுதுங்க. ஓடி வந்தது நீங்கதான்."

இமையில் தொங்கிய மழைத்துளியோடு அவள் முறைத்தாள். அவன் அந்தக் கண்ணையே பார்த்தான். இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பெண் கோபப்படவே கூடாது... ஊரில் யாராவது சட்டம் போட்டால் தேவலை என்று நினைத்திருப்பான் போல. முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

அவன் ஊர்க்காவலன். டிவி, ரேடியோ ரிப்பேர் கடைக்காரன். சிதறிய போர்டுகளைப் பொறுக்கும்போது அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாம் சரியா ஒட்டாத டிரை சால்டரால்ல இருக்கு? ஒண்ணுலகூடப் பளபளப்பு இல்லையே... யாரு வச்சது? தூக்கத்துல வச்ச மாதிரி இருக்கு."

"நான்தான் வச்சேன். உங்களப் பாக்கச் சொல்லல."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது ஈயம் கலக்காத சால்டர், இது மங்கலாகத்தான் இருக்கும் என்று. ஆனால் பார்த்த மாத்திரத்தில் நொட்டை சொன்னவனுக்கு விளக்கம் ஒரு கேடா? ரோஷம் விடவில்லை.

"டப்பா நனையாம இங்கன இருக்கட்டும். போன் பண்ணிட்டு வந்துருதேன்" என்று பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போனாள். பூத்தில் கூட்டம்; காத்திருந்து, கூரியர் மூடும் நேரம் கேட்டுத் திரும்பும்போது மழை விட்டிருந்தது. அவன் டப்பாவை நீட்டினான். முகமெல்லாம் ஒரு திருட்டுச் சிரிப்பு.

"போய்த் தெறந்து பாருங்க..."

கூரியர் ஆபீசில் திறந்தாள். அத்தனை சால்டரும் கழுவி வைத்த எவர்சில்வர் மாதிரி பளபளத்தது.

கடைக்குத் திரும்பி ஓடி வந்து டப்பாவை அவன் மேசையில் வைத்தாள். "எதுக்குத் தொட்டீக?"

"நல்லா இருக்கட்டும்னுதான்... நம்ம சால்டர் ரீல்ல எடுத்து, மேல லேசா ஒரு தொடு..."

"உங்க ரீல்ல ஈயம் இருக்கு. இது ஜெர்மனிக்குப் போறது. அந்த நாட்டுல ஈயம் ஆகாது. மெஷின் வச்சுப் பாப்பாக. துளி இருந்தாலும் மொத்தமும் ரிஜெக்ட். ஈயம் இல்லாத சால்டர் மங்கலாத்தான் இருக்கும். அதான் அதுக்கு லெச்சணம்."

"இத அப்பவே சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

அவள் அழக்கூடாது என்றுதான் இருந்தாள்... முடியவில்லை.

"இந்த ஆர்டர் வந்தா எங்கம்மாவ மருந்து ரூம்ல இருந்து நிறுத்திரலாம்னு இருந்தேன். பார்ட்ஸ் எல்லாம் இதுலயே தீந்துபோச்சு. நாளைக்குள்ள சாம்பிள் கெளம்பலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாக."

மருந்து ரூம் வெடித்த சேதி வராத வருஷமே அந்தப் பக்கத்தில் கிடையாது; யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஊர்க்காவலன் தலை குனிந்துவிட்டது. அவள் போய்விட்டாள்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில், விசாரித்துக்கொண்டு வந்து சூலக்கரை அறை வாசலில் அவன் நின்றான். கசங்கிய சட்டை. ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஸ்டெபிலைசர்.

"மொத பஸ்ஸுக்கு மதுரைக்குப் போய் வந்தேன். பார்ட்ஸ் எல்லாம் இருக்கு. அயர்னும் புதுசு. என்னோட அயர்ன் நுனி பிட்டுல ஈயம் ஒட்டியிருக்கும்ல... அத இந்தப் பக்கமே கொண்டுவரல."

ஞானசுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிட் வரைக்கும் யோசித்திருக்கிறானே என்று மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. அதை அவனுக்குக் காட்டுவானேன்?

"ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது..." என்று இழுத்தான்.

"சொல்லுங்க. கோவிக்கிறதும் கோவிக்காததும் என் பாடு."

"மங்கலா இருந்ததெல்லாம் தப்பில்ல. என் கண்ணுதான் தப்பு. ஆனா நேத்து தொடும்போது பாத்தேன், ஓரத்துல ஒண்ணு ரெண்டு பார்ட்ஸோட கால் நெசமாவே ஆடுச்சு. இந்த சால்டருக்குச் சூடு சாஸ்தி வேணும். இங்கன சாயங்காலம் வோல்டேஜ் எறங்கிருமோ?"

சுருக்கென்றது. நேற்றைய போர்டை எடுத்துக் குறடால் அசைத்துப் பார்த்தாள். ஆடியது... இது அப்படியே சென்னைக்குப் போயிருந்தால்? ஈயம் இல்லாமலேயே ரிஜெக்ட் ஆகியிருக்கும். மறுபடி கிளம்பிய ரோஷத்தை இந்தத் தடவை விழுங்கிவிட்டாள்.

"எறங்கும். அந்த ஸ்டெபிலைசர இங்கன மாட்டுங்க."

அன்றைக்கு அவள் சால்டர் வைத்தாள். அவன் ஒவ்வொரு காலையும் அசைத்துப் பார்த்தான். வள்ளித்தாய் டீ வாங்கி வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது எப்படி இருக்கு?" என்று நீட்டினாள் ஞானசுந்தரி.

"அசிங்கமா, மங்கலா... அருமையா இருக்கு."

சிரிப்பை அடக்க முடியவில்லை. கன்னத்தில் குழி விழுந்ததைப் பார்த்தவன் கையில் இருந்த குறடைத் தவறவிட்டான். வெளியே மறுபடி தூறல் போட்டது... சாயங்காலம் கூரியர் மூடுவதற்குள் சாம்பிள் கிளம்பிவிட்டது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு சென்னையிலிருந்து போன் வந்தது. சாம்பிள் பாஸ். ஈயம் இல்லை, ஒரு கால்கூட ஆடவில்லை. வருஷம் முழுக்க ஆர்டர்.

அன்று வேனை விட்டு இறங்கிய குருவம்மாளின் இரண்டு கைகளையும் ஞானசுந்தரி பிடித்துக்கொண்டாள். மருந்து படிந்து வெள்ளி நிறத்தில் இருந்தன.

"இந்த சீசனோட போதும்மா. இனிமே நம்ம கம்பெனிக்கு வா. ஆலைக் கணக்குப்பிள்ளைகிட்ட வேலைய விட்டு நின்னுட்டேன்னு சொல்லிரு."

"நெசமாவா புள்ள?" அம்மா கேட்டுக்கொண்டே நடுரோடு என்றும் பாராமல் அவளைக் கட்டிக்கொண்டாள். வேனில் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

மறுநாள் கடைக்கு ஓடினாள். மழை இல்லை, விரட்டவும் யாரும் இல்லை. ஆனாலும் ஓட்டம்தான். படி ஏறும்போது அவன் டிவியை வெளியே தூக்கி வந்தான். இந்தத் தடவை மோதவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் டிவியை அப்படியே படியில் வைத்துவிட்டான்.

"பாஸா?"

"பாஸு."

அவன் கண் கலங்கியது. அதை மறைக்க மேசைப் பக்கம் திரும்பினான். அங்கே ஸ்டாண்டில் இரண்டு அயர்ன்கள். ஒன்று கருகிப்போன பழசு. இன்னொன்றின் பிடியில் பச்சை டேப் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஈயம் கலக்காத சால்டர் ரீல் ஒன்று பிரிக்காமல் இருந்தது.

"இது என்ன தனியா?"

"அது... ஈயம் படாம வச்சிருக்கேன். யாரையும் தொட விடுறதில்ல."

"இந்த ஊர்ல எந்த டிவிக்கு இது வேணும்?"

"டிவிக்கு இல்ல." அவன் நிமிர்ந்தான். "நீங்க வருவீகன்னு வச்சிருக்கேன். என்னைக்காவது வந்தா, உங்க போர்டத் தொட எனக்குத் தகுதி இருக்கணும்ல. மழையில வந்து மோதுனீகளே, அன்னையில இருந்து இந்த மனசு என்கிட்ட இல்ல சுந்தரி. இத இப்பவே சொல்லிரணும். இல்லாட்டி 'அப்பவே சொல்லிருக்கலாம்ல'ன்னு நீங்க சண்டைக்கு வருவீக."

ஞானசுந்தரி மேசைக்குப் பின்னால் போய் அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். பச்சை டேப் அயர்னை எடுத்து பிளக்கைச் சொருகினாள். ரீலைப் பிரித்தாள்.

"ஜெர்மனி ஆர்டருக்கு ரெண்டு கை பத்தாது. எங்கம்மா சாயங்காலம் வீட்டுலதான் இருக்கும். உங்க வீட்டாளுகளக் கூட்டிக்கிட்டு வந்து கேளுங்க."

"அப்ப... உங்களுக்கு?"

"எனக்குப் பிடிச்சிருக்கு. கேட்டதும் சொல்லிட்டேன், பாத்தீகளா?"

பிட் சூடேறி, புது சால்டர் முதல் சொட்டாக உருகி இறங்கியது.