பாடையில் கட்டாத கோழிக்குஞ்சு

டியூஷன் முடிந்து வந்த நாயகி வாசல் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். உடனே சாத்தவில்லை. பின்னால் மெதுவாக நடந்து வருகிற யாருக்காகவோ காத்திருப்பவள் போல, கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு, பையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பெருமாள்ராஜின் கையில் சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது.

"கூட யாருட்டி வந்தா?"

"யாரும் வரலியே" என்றாள் மகள். யாராவது வந்தார்கள் என்று சொல்லியிருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

சேரன்மகாதேவியில் பெருமாள்ராஜ் பெயர் போன அறிவியல் வாத்தியார். பேய், முனி என்று எந்தப் பையனாவது வாயைத் திறந்தால் அன்றைக்கு ஒரு பீரியட் முழுக்க அவனைப் பிடித்து உலுக்கி எடுத்துவிடுவான். அவனுடைய அப்பாவோ நேர் எதிர். பெயர்தான் பூதத்தான், தனியாக நாலு எட்டு நடக்கச் சொன்னால் அந்த மனிதருக்குத் தொடை நடுங்கும். டீக்கடைக்குத் துணை வேண்டும், குளிக்கத் துணை வேண்டும், கொல்லைப்புறம் போகவும் யாராவது வாசலில் நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும். மனைவி பிரம்மநாயகி இருந்தவரை அவள் அலைந்தாள். அவள் போன பிறகு பிறந்த பேத்திக்கு அந்தப் பெயரையே வைக்கச் சொல்லி, பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து "நாயகி, தாத்தா கூட வா" என்று கூட்டிக்கொண்டு திரிந்தார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை அவர் இறந்துபோனார். சனிக்கிழமை சாகிறவர்கள் தனியாகப் போக மாட்டார்கள், வீட்டிலிருந்து இன்னொரு உயிரைத் தேடுவார்கள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் பாடையில் உயிருள்ள ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். துணையாக அதுவே போய்விடும், வீட்டு மனிதர்கள் தப்பித்துவிடுவார்கள். சித்தப்பாதான் குஞ்சைக் கொண்டுவந்து, சணல் கயிற்றால் பாடை மூங்கிலில் அதன் காலைக் கட்டினார். துக்கத்துக்கு வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்களும் தன் மேல் இருப்பதாகப் பெருமாள்ராஜுக்குத் தோன்றியது.

"அவுத்து விடுங்க சித்தப்பா. எம் பிள்ளைகளுக்கு நான் என்ன பாடம் நடத்துதேன், இங்கன என்ன நடக்குது?"

"ஏலே, ஒங்கப்பன் டீக்கடைக்கே ஒத்தையில போனது கெடையாது. சுடுகாட்டுக்குப் போவானா? யோசிச்சுப் பேசு."

அவன் யோசிக்கவில்லை. தானே குனிந்து கயிற்றை அவிழ்த்தான். குஞ்சு கூட்டத்தின் கால்களுக்கு நடுவே கீச்சிட்டுக்கொண்டு ஓடி மறைந்தது. பையன்கள் முன்னால் அவனுக்கு அன்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பயம் அதற்குப் பிறகு பையத்தான் வந்தது. முதலில் நடைப்பக்கத்தில், அப்பா மேல் எப்போதும் வீசுகிற, வெற்றிலையும் கோடாலித் தைலமும் கலந்த வாடை. அப்புறம் மதிய நேரங்களில், கொல்லை மணலில் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் வாழை இலை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அப்பா யாரைத் தேடுவார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தூங்கும் மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பதும், துண்டால் அவள் மணிக்கட்டைத் தன் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுப்பதும் வழக்கமாயின. துண்டைப் பார்த்த அன்றைக்கே அவன் மனைவி சுகன்யா அவனைப் பாளையங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனநல ஆலோசகர் எலிசபெத் நிதானமான பெண். அவன் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"நீங்க சயின்ஸ் வாத்தியார். நீங்களே சொல்லுங்க சார், இந்த நினைப்புக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?"

"வாடை வருது. சத்தம் கேக்குது."

"அதுக்கு வேற காரணமே இருக்க முடியாதா?"

அப்பா வெற்றிலையும் தைலமும் போட்டு வைக்கிற பெட்டி இன்னும் நடைப்பக்கத்தில்தான் இருந்தது. வாடைக்கு அது போதும். மணலில் காய்ந்த வாழைச் சருகு உரசும். சனிக்கிழமை செத்தவர்கள் எல்லாரும் துணையோடு போயிருந்தால் ஊரில் பாதிப்பேர் மிஞ்சியிருக்க மாட்டார்கள். எதிர் ஆதாரங்களை அவனே மளமளவென்று அடுக்கினான். தனக்குத் தானே பாடம் நடத்துவது அவனுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

"நீங்க போய்ப் போய்ப் பாக்குததுதான் பயத்துக்குத் தீனி" என்றார் எலிசபெத். "பாப்பா தூங்கும்போது அரை மணி நேரம் முன்னறையில இருங்க. என்ன தோணினாலும் எழும்பிப் போவக் கூடாது. பயம் ஏறும், ஏறினது தானா எறங்கும்."

அது பலித்தது. முதல் நாள் சட்டை வேர்வையில் நனைந்தது. பிறகு நனையவில்லை. துண்டு கொடிக்குப் போனது, பெட்டி பரணுக்குப் போனது, வாடையும் போய்விட்டது. கேட்டில் மகள் நிற்பது மட்டும் நிற்கவில்லை. அதையும் பிள்ளை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டான். சுகன்யா முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது.

ஆனியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. அந்தச் சனிக்கிழமை சுகன்யா ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டு நாயகி உள்ளறைப் பாயில் தூங்கிப்போனாள். பெருமாள்ராஜ் முன்னறையில் நாற்காலியைப் போட்டு, உள்ளறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

உச்சி வெயில் தெருவைத் துடைத்து வைத்திருந்தது. மின்சாரம் போனது, மின்விசிறி இரண்டு சுற்று இழுத்து நின்றதும், அதுவரை அதன் இரைச்சலுக்குள் மறைந்திருந்த வாய்க்கால் சத்தம் சமையலறை வழியாக, நடைப்பக்கம் வழியாக ஊர்ந்து வந்து அவன் கழுத்துக்குப் பின்னால் நின்றது. அதோடு வெற்றிலை வாடையும் வந்தது. பிறகு தைலம். பரணில் இருக்கிற பெட்டியின் வாடை இவ்வளவு கீழே, இவ்வளவு பக்கத்தில் எப்படி வரும் என்று ஒரு கேள்வி எழுந்தது. வெயிலில் ஓடு காய்ந்தால் வாடை இறங்கும் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

மணலில் செருப்புத் தேயும் சத்தம். சருகு. சருகுதான்.

கொல்லைக் கதவருகே சத்தம் நின்றது. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்தன. இது நினைப்பு, நடப்பு இல்லை என்று உதட்டை அசைத்துச் சொன்னான். உள்ளறையில் பாய் சரசரத்தது. பிள்ளை புரண்டு படுக்கிறாள்.

"வாரேன், வாரேன்" என்றாள் நாயகி, தூக்கக் குரலில்.

கனவு. பிள்ளைகள் கனவில் பேசும். எழும்பக் கூடாது. வெறுங்கால் இரண்டு தரையில் பட்டது. நடந்தது. இதுவும் நினைப்புத்தான். எழும்பினால் பயம் ஜெயித்துவிடும், மறுபடியும் துண்டு, மறுபடியும் சுகன்யாவின் அழுகை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகியது. அவன் பல்லைக் கடித்தான். உட்கார்ந்திருந்தான். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. உட்கார்ந்தேயிருந்தான்.

எலிசபெத் சொன்னபடியே பயம் இறங்கியது. சத்தங்கள் அடங்கின. வாடை போனது. நெஞ்சு லேசாகி, பரீட்சையில் தேறிய பையனைப் போல அவனுக்குச் சிரிப்பு வந்தது. அரை மணி முடிந்ததும் எழுந்து, மகளை ஒரு முத்தம் கொடுத்து எழுப்பலாம் என்று உள்ளறைக்குப் போனான்.

பாய் காலியாக இருந்தது.

கொல்லைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. வாழைகளுக்கு நடுவே ஓடினான். முள் குத்தியது தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினான்.

நாயகி வாய்க்காலுக்குள் இருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில், கரைக்கு முதுகைக் காட்டி, நடுவை நோக்கிப் பையப் பைய நடந்துகொண்டிருந்தாள். இடது கை தண்ணீரை அளைந்தது. வலது கை மேலே தூக்கியிருந்தது. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளைகளுக்குக் கை இருக்குமே, அந்த உயரத்தில். விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன. அங்கே எதுவும் இல்லை.

குதித்தான். அவள் இடுப்பை வளைத்துப் பிடித்து இழுத்தான். வரவில்லை. நேற்றுக்கூடத் தோளில் ஏற்றிச் சுமந்த பிள்ளை. இழுத்தான். அசையவில்லை. அந்தப் பக்கம் யாரும் இழுக்கவும் இல்லை. விடவில்லை, அவ்வளவுதான்.

"விடுங்கப்பா" என்றாள் நாயகி, அலுப்போடு. "தாத்தா தனியாப் போவ மாட்டாவளாம்."

"அப்பா." வெறும் காற்றைப் பார்த்துக் கூப்பிட்டான். "நான் வாரேன். ஒங்க மவன் நான் வாரேன் துணைக்கு. இவளை விட்டுருங்க." ஒரு கையை நீட்டினான். விரல்களை விரித்தான். காத்திருந்தான்.

எதுவும் படவில்லை.

நாயகி ஒரு எட்டு வைத்தாள். அவனையும் இழுத்துக்கொண்டு. இன்னொரு எட்டு. தண்ணீர் அவள் நெஞ்சுக்கு. கழுத்துக்கு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாடிக்கு வந்தது. அவன் கெஞ்சினான். என்னென்னவோ சொல்லிக் கெஞ்சினான். உச்சந்தலை முடி மிதந்து விரிந்தது, பிறகு அதுவும் இல்லை. சின்னக் கை ஒன்று மட்டும் தண்ணீருக்கு மேலே, எதையோ இறுக்கிப் பிடித்தபடி நின்றது. அதன் பக்கத்தில், வெயிலில், அவன் நீட்டிய கை. யாரும் பிடிக்காமல்.