தலை போன பன்னிரண்டு செடிகள்

பூந்தோட்டக்காரம்மா ஓய்வுபெற்ற தபால் அதிகாரியின் வீட்டுப் படியேறி வந்தபோது அவர் வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. இடது கையில் தலை இல்லாத ஒரு கார்னேஷன் பூந்தண்டு.

"அடுத்த மாசம் கண்காட்சி. பன்னிரண்டு செடியிலயும் நடு மொட்டு போச்சு. வேலை பார்க்கிற பொண்ணை முந்தாநாள் திட்டினேன், பழி தீர்த்துட்டா. இன்னைக்கோட அவளை நிறுத்தப்போறேன். நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க."

ஊரில் புதிர் எதுவானாலும் அதிகாரியிடம்தான் வரும். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய மைத்துனருக்கோ குற்றவாளி அதற்குள் கிடைத்துவிட்டார்: ஆண்டுதோறும் இரண்டாம் பரிசோடு திரும்பும் பக்கத்துத் தோட்டக்காரர். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

தோட்டத்து வீட்டு முன்னறையில் தோட்டக்காரம்மாவின் கணவர் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட கட்டைவிரல் நகத்தால் ஒரு கடிகாரத்தின் பின்மூடியை நெம்பியவர், வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொட்டகைக்குள் கிராம்பு போல மணந்தது. ஒரு வரிசையில் கண்காட்சிச் செடிகள். எதிர் வரிசையில் இளஞ்செடிகள். அழுது சிவந்த கண்களோடு அந்தப் பெண் நின்றிருந்தாள். ஓர் இளஞ்செடியின் தலையைக் கிள்ளிக் காட்டும்படி அதிகாரி கேட்டார். அவள் கணுவைப் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்தாள். 'டக்'கென்று ஒடிந்தது.

"இது கிள்ளுறது இல்லையே, ஒடிக்கிறதாச்சே?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. ஆனா கிள்ளுறதுன்னுதான் சொல்லுவோம். இளஞ்செடிக்குத் தலையை எடுத்தாக் கிளை வெடிக்கும். கண்காட்சிச் செடியில தலையைத் தொடவே கூடாது."

அதிகாரி எல்லாரையும் அங்கே அழைத்தார். கணவர் கடைசியாக வந்து கதவோரம் நின்றார்.

"பன்னிரண்டு தண்டும் கணுவுல ஒடியலை, தம்பி," என்றார் அதிகாரி மைத்துனரிடம். "நடுவுல நசுங்கியிருக்கு, பிறை மாதிரி நகத்தடம். தொழில் தெரிஞ்சவங்க கை இது இல்லை. பக்கத்துத் தோட்டக்காரரும் இல்லை. கிள்ளணும்னு காதால மட்டும் கேட்டு, அப்படியே செஞ்ச ஒருத்தர். கெடுக்க வந்தவர் பக்க மொட்டையும் விட்டுவெச்சிருக்க மாட்டார்."

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். மனிதன் தானாக மனம் திறக்க ஆண்டவன் ஒரு நொடி தருகிறான். அதை நாம் பறிக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

கணவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். "சாப்பிடும்போது நீதான் சொன்னே, நாளைக்குத் தலையைக் கிள்ளணும், கை வலி உயிர் போகுதுன்னு. நீ சொன்னது இளஞ்செடியைன்னு தெரியாம, நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம்னு... நீ அழுததும் சொல்ல வாய் வரலை. இந்தப் பொண்ணு மேல பழி வந்தப்பவாவது சொல்லியிருக்கணும்."

தோட்டக்காரம்மா தன் மணிக்கட்டுத் துணிக்கட்டைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன்மா. போயிடாதே," என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செடிகளைப் பார்த்தாள். "பக்க மொட்டு இருக்கும்மா, கொத்தாப் பூக்கும். கொத்துப் பூவுக்கும் பரிசு உண்டு." பிறகு கணவரிடம், "ஐயா, நகத்தை வெட்டிட்டு வாங்க, ஒடிக்கக் கத்துத் தர்றேன்."

திரும்பும் வழியில் பக்கத்துத் தோட்டத்து வாசலில் மைத்துனர் நின்றுவிட்டார். "உங்க பூ தெருவெல்லாம் மணக்குதுங்க," என்று உள்ளே நின்ற தோட்டக்காரரிடம் சொன்னார்.

காரணம் புரியாமலே அந்த மனிதர் முகமெல்லாம் மலர்ந்தார்.