அலசாத நுரை

எத்தனை வாளி ஊற்றியும் நுரை அடங்கவில்லை. மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய அந்த வீட்டின் மரத்தளத்தில் குனிந்து நின்ற பொன்னி, ஒரு மூடி சோப்புதானே விட்டோம் என்று யோசித்தாள். பலகை இடுக்குகளிலிருந்து, பால் பொங்கி வருவதுபோல், நுரை மேலே வந்துகொண்டே இருந்தது. சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்த காற்றில் உப்பு வாடை; அதோடு எலுமிச்சை வாசம். பொன்னி வாங்கிவந்த சோப்பில் எலுமிச்சை கிடையாது. அது தெய்வநாயகி வாங்கும் சோப்பு.

செத்தும் விடமாட்டாளா இவள்? பொன்னிக்கு வயிறு எரிந்தது.

வருஷக்கணக்காக இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவள் பொன்னி. தெய்வநாயகி போன பொங்கலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். பொன்னி பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, கம்பி பிரஷால் தேய்ப்பாள். மரம் வெளுத்து, சிலாம்பு கிளம்பும்.

"கம்பி பிரஷு வேணாங்க்கா, டெக்கு பேஜாராயிடும்," என்று சிரித்துக்கொண்டே அதை வாங்கி ஓரமாக வைப்பாள் தெய்வநாயகி. மெல்லிய பிரஷை மர ரேகையோடு இழுத்துப் பாசியை எடுப்பாள். வழுக்கல் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுவாள். வீட்டுக்கார அம்மா ஜெயப்பிரியா சென்னையிலிருந்து வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தளத்தில் நடப்பாள். "நாயகி கை பட்டாலே தனிதான்," என்பாள், பொன்னி நீட்டும் காப்பியை அவள் முகம் பார்க்காமலே வாங்கிக்கொண்டு.

அம்மா வந்து தங்கியிருந்த ஒருநாள் விடியுமுன், பொன்னி தளம் முழுக்கச் சோப்பைத் தடவி அலசாமல் விட்டாள். விழட்டும், அம்மா முன்னால் அவமானப்படட்டும் என்றுதான் நினைத்தாள். படியில் தெய்வநாயகியின் பின்மண்டை மோதிய சத்தம் அடுப்படிவரை கேட்டது. பொன்னி உடனே ஓடவில்லை. பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனாள். பனி ஈரத்தில் வழுக்கிவிட்டாள் என்றாள். எல்லாரும் நம்பினார்கள்.

இன்று நுரையை ஒதுக்கி ஒதுக்கிப் பாதித் தளம் முடிந்ததும், பொன்னி ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"பொன்னி, சூப்பரா இருக்கே! முழுசா முடிச்சிட்டியா?"

"இல்லம்மா, பாதிதான் ஆயிகீது."

"என்ன சொல்ற? எல்லாமே பளபளன்னு இருக்கு. அப்படியே நாயகி செஞ்ச மாதிரி."

போனை வைத்தபோது பொன்னிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இப்போதும் அவள் பேர்தானா? நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையே வைக்காத மறுபாதி, தேன் பூசியதுபோல் மின்னிக்கொண்டிருந்தது.

வெயில் இறங்கி, வீட்டின் நிழல் தளத்தின்மேல் நீண்டு விழுந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிரஷ் தேய்க்கும் சத்தம். பலகைகளுக்கு அடியில், மணலுக்கும் மரத்துக்கும் நடுவே, ரேகையோடு, நிதானமாக.

"யாருடி கீழ?"

பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. கம்பி பிரஷை எடுத்து, அந்த மின்னும் பலகைகளைக் குறுக்காகப் பிறாண்டினாள். "இது நான் பாத்துக்கினு வந்த வூடு! உனக்கு இன்னும் இன்னாடி வேணும்?"

மரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. தேய்க்கத் தேய்க்க இன்னும் மின்னியது. அடியில் இருந்த பிரஷும் அவள் கைக்கு ஈடாகத் தேய்த்தது.

நிறுத்தினாள்.

அது நிறுத்தவில்லை.

நெருங்கியது. காலடிக்கு வந்தது. நின்றது.

எழுந்தாள். நகர முடியவில்லை. எங்கும் நுரை. பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. எலுமிச்சை வாசம் இன்னும் ஏறியது.

நகம்கூட நுழையாத இடுக்கு வழியே விரல்கள் வந்தன. ஒன்று. இன்னொன்று. நாளெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். அவள் பாதத்தைப் பற்றின. இழுக்கவில்லை. கழுவின. விரலிடுக்கு விரலிடுக்காக, பொறுமையாக, இதமாக.

ஊறிய பாசி கழல்வதுபோல் தோல் கழன்றது. வலிக்கவே இல்லை. எலும்பு பளிச்சென்று தெரிந்ததும், அந்தக் கை அடுத்த காலுக்கு நகர்ந்தது.