ஆறே காலுக்கு ஆகாயம்

போன் அலறியது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் மூன்றாம் மாடி வீடு. பாலேந்திரன் வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்து எடுத்தான்.

"பாலா! அந்தப் பிளேனிலை ஒருத்தன் செத்திருக்கிறானடா!"

மறுமுனையில் சச்சிதானந்தன். மூச்சு வாங்கியது.

"தெரியும்" என்றான் பாலேந்திரன்.



"தெரியுமோ?! தெரிஞ்சுகொண்டே வாங்கினனீ?! என்ரை தலையிலையும் பாதியைக் கட்டினனீ?!"

"மெல்லக் கதை. சிறி குசினிக்கை நிக்கிறாள்."

பாலேந்திரனுக்கு வயது நாற்பத்தாறு. ஒல்லி. பஸ் பணிமனையில் மெக்கானிக். சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்து நாலு வருடம். சச்சிதானந்தன் ட்ராம் ஓட்டுநர். ஒஸ்லோத் தமிழர்கள் எல்லோரும் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் வைத்தார்கள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய விமானத்தை வாங்கினார்கள்!

அதுவும் தொழிற்சாலையில் செய்தது அல்ல. ஆர்வித் என்ற விவசாயி ஒன்பது வருடம் மினக்கெட்டுத் தன் களஞ்சியத்திலேயே கட்டியது. மர எலும்பு. துணித் தோல். இரண்டே இருக்கை. 1995 ஜூனில் முதல் பறப்பு. அதுவே ஆர்வித்துக்குக் கடைசிப் பறப்பு.

பதினொரு வருடம் அதே களஞ்சியத்தில் தூங்கிய விமானத்தை, முதியோர் இல்லத்தில் இருந்த ஆர்வித்தின் மனைவி விளம்பரம் கொடுத்து விற்றாள். பத்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நண்பர்கள் இருவரும் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒடிந்த, உளுத்த மரத்தை மாற்றி, புதுத் துணி ஒட்டி, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி...

நாளை மாலை ஆறே காலுக்கு மறுபடியும் முதல் பறப்பு. பாலேந்திரன் தனியாக!

"உனக்கு ஆர் சொன்னது?" பாலேந்திரன் குரலைத் தாழ்த்தினான்.

"நேற்று ட்ராமிலை ஏறின கிழவன் ஒருத்தன். ஊசிப் பின் ஒண்டு போட மறந்துபோய் விழுந்தவனாம்."

"மறக்கேல்லை, மச்சான். ஆரோ கழட்டினவங்கள்!"

"என்ன?!"

"சீற்றுக்குக் கீழை ஒரு பிலிம் சுருள் கிடந்தது எல்லோ? கழுவிப் பார்த்தனான். பிளேன் கட்டுறவன் ஒவ்வொரு பூட்டையும் படம் எடுத்து வைப்பான். கடைசிப் படத்திலை வால் நட்டு. குறுக்கை பின் வடிவா இருக்கு! மூலையிலை திகதி... அவன் செத்த அண்டு!"

ஓட்டுபவன் கையில் இருக்கும் தடியையும் வாலையும் இணைப்பது ஒரே ஒரு நட்டு. அது கழன்றுவிடாமல் குறுக்கே செருகுவது ஓர் ஊசிப் பின். அந்தப் பின் இல்லையென்றால் இயந்திரத்தின் நடுக்கத்தில் நட்டு சுழன்று, சுழன்று, ஐந்து நிமிடத்தில் விழும். பிறகு விமானமும் விழும்.

"ஆருக்குச் சொன்னனி?"

"நேற்று ஹாகொனுக்கு. இப்ப உனக்கு."

ஹாகொன் ஆர்வித்தின் தம்பி. அண்ணன் போனபின் பண்ணை அவன் கைக்கு வந்தது. களஞ்சியத்தை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவனும் அவன்தான். ஞாயிறு தவறாமல் வாஃபிள் சுட்டுக்கொண்டு வந்து தருகிற நல்ல மனுஷன்.

"ஹாகொன் என்ன சொன்னவர்?"

"அழுதவர்."

"படம் எங்கை?"

"பிளேனுக்கை, டொக்கியுமெண்ட் பையிலை. ஏன்?"

"சும்மா கேட்டனான். பாலா... வித்திடுவம். விளம்பரம் வந்த நேரம் ஹாகொன் ஸ்பெயினிலை நிண்டதாலைதான் பிளேன் எங்களிட்டை வந்ததாம். ரெண்டு மடங்கு தாறன் எண்டு நிக்கிறார்."

"ஏலாது. நாளைக்கு நான் மேலை!"

"மேலையெண்டா எவ்வளவு மேலை எண்டு யோசிச்சுப் பார்!"

தொடர்பு அறுந்தது.

குசினி வாசலில் சிறிதேவி நின்றாள். கையில் அகப்பை.

"ஆரப்பா?"

"சச்சி. நாளைக்குக் காத்து நல்லா இருக்குமாம்."

"காத்தோ..." என்றாள் சிறிதேவி. கொஞ்ச நேரம் புருஷனையே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

* * *

ஞாயிறு. மத்தியானம் இரண்டு மணி.

கோயிலுக்குப் போன சிறிதேவி ஒரு புதுப் பஞ்சாங்கத்தோடு வந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை ராகு காலம் மாறிப்போச்சு!"

பாலேந்திரன் துள்ளி எழுந்தான். ராகு காலம் அவனுடைய பலவீனம். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு மணிவரை ஒரு ஸ்பானரைக்கூடத் தொடமாட்டான். மைனஸ் பதினைந்து குளிரிலும் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு, சச்சியையும் இழுத்துக்கொண்டு காருக்குள் போயிருந்து பிளாஸ்கில் தேத்தண்ணி குடிப்பான். யாழ்ப்பாணத்துக் கலண்டரில் போட்டிருந்த நேரம் அது.

"என்னண்டு மாறும்?"

"நோர்வேக்கெண்டு தனியாக் கணிச்சிருக்கினம். ராகு காலம் சூரியனைப் பாத்துத்தானே? ஞாயிறெண்டா பகலை எட்டாப் பிரிச்சதிலை கடைசிப் பங்கு. இஞ்சை ஜூனிலை பொழுதுபடப் பத்தரை தாண்டும். அதாலை எட்டே காலுக்குப் பிறகுதானாம் தொடக்கம்."

"அப்ப பத்து மாசமா நான்...?"

"பிழையான நேரத்திலை தேத்தண்ணி குடிச்சிருக்கிறியள்!"

பாலேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலரைக்கே வேலை தொடங்கலாம் என்பதுதான் மனதில் ஓடியது. ஏறுவதற்கு முன் அந்த வால் நட்டை இன்னொரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதே நேரம் போன்.

"பாலா, நான் சரியா ஆறு மணிக்கு வாறன். ஃபுட்போல் பாக்கிறன்" என்றான் சச்சிதானந்தன். "நாலரை தொடக்கம் ஆறு மட்டும் நீ பிளேனைத் தொடமாட்டாய்தானே?"

"ஓம்... ஏன்?"

"இல்லை, வடிவாத் தெரிஞ்சுகொள்ளத்தான். தொடமாட்டாய் எல்லோ?"

ஏன் இரண்டு தடவை கேட்கிறான்? பஞ்சாங்கம் மாறியதை அவன் சொல்லவில்லை.

"நான் ஆறு மணிக்கு அருச்சனைத் தட்டோடை காரிலை வாறன். நீங்கள் பஸ்ஸிலை போங்கோ" என்றாள் சிறிதேவி.

* * *

நாலு நாற்பது.

பஸ் இறங்கி, காட்டுப் பாதையால் நடந்து, களஞ்சியத்தின் பின்பக்கமாக வந்து சேர்ந்தான். முற்றத்தில் ஒரு குருவியும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே போய் மறுபடியும் பூட்டிக்கொண்டான். அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவனிடம். மற்றது சச்சியிடம்.

வெள்ளைத் துணியும் சிவப்புக் கோடுமாக விமானம் மினுங்கியது. இறக்கையை ஒரு தடவை தடவிக்கொடுத்தான். இதற்காகத்தானே இத்தனை பாடும்!

இருக்கைக்குப் பின்னால் தலையை விட்டு, புழுப்போல நெளிந்து வால் கூட்டுக்குள் புகுந்தான். மல்லாந்து படுத்து டோர்ச் அடித்தான். நட்டு இருந்தது. குறுக்கே பின்னும் இருந்தது.

"அப்பாடா..."

கிளிக்!

பாலேந்திரன் உறைந்தான்.

பூட்டில் சாவி திரும்பியது. கதவு முனகியது. காலடிச் சத்தம்... மெதுவாக... நேராக விமானத்தை நோக்கி!

டோர்ச்சை அணைத்தான்.

சச்சி! வேறு யார்? ஃபுட்போல் என்றானே! படம் எங்கே என்றானே! இருபது வருடத்துக்கு முன்னால் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் ஒரே அறையில், ஒரே போர்வையில் குளிர் தாங்கிய சச்சி! பாலேந்திரனுக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்தியது.

காலடி வாலருகே நின்றது.

நட்டைப் பார்ப்பதற்கென்று வாலின் பக்கத்தில் கையளவு வட்டத் துவாரம் ஒன்று உண்டு. அதன் மூடியைத் திருகும் சத்தம்... ஒரு திருகு... இரண்டு... மூடி கழன்றது. வெளிச்சம் உள்ளே விழுந்தது.

அதன்பின் ஒரு கை நுழைந்தது!

தோல் கையுறை. பிடியில் குறடு. பாலேந்திரனின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் குறடு பின்னைக் கவ்வி, நிமிர்த்தி, உருவியது. பிறகு இரண்டு விரல்கள் நட்டைப் பிடித்து நிதானமாக இளக்கின. அரைச் சுற்று. ஒரு சுற்று...

ஆறே காலுக்கு நான் ஏறுவேன். ஆறு இருபதுக்கு நான் இல்லை. பையில் இருக்கிற படமும் என்னோடு எரிந்து போகும். பின் போட மறந்த இன்னொரு முட்டாள் என்று பேப்பரில் நாலு வரி வரும்...

பாலேந்திரனுக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தான்!

"ஆஆஆஆ!!!"

களஞ்சியமே அதிர்ந்தது.

"யெல்ப்! யெல்ப்!"

உதவி கேட்டு நோர்வீஜிய மொழியில் கூச்சல்! சச்சி எப்போதிலிருந்து இந்தப் பாஷையில் அலறத் தொடங்கினான்?!

"ஆர்வித்! விடு! என்னை விடு, அண்ணா! நான் தெரியாமல் செய்துவிட்டேன்! விடு!!"

பாலேந்திரனின் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. ஹாகொன்! வாஃபிள் ஹாகொன்! பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பின்னை உருவிய அதே கை! செத்த அண்ணன்தான் விமானத்துக்குள் இருந்து பிடிக்கிறான் என்று நினைத்துக் கதறுகிறான்!

பாலேந்திரன் பிடியை விடவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேய்க்கு என்னத்துக்குப் பேச்சு?

"பண்ணை முழுக்க உனக்கே என்றால் நான் எங்கே போவது? அதனால்தான், ஆர்வித்! அதனால்தான்!"

கதவு படாரென்று திறந்தது.

"ஆரடா அது?!"

இந்த முறை அசல் சச்சிதானந்தன். பார்த்த காட்சியில் அவன் வாய் பிளந்தது. விமானத்துக்குள் முழங்கைவரை கையை விட்டபடி, முழங்காலில் நின்று குழந்தைபோல அழும் ஹாகொன்!

"சச்சி! நான் உள்ளுக்கை கிடக்கிறன்! அவனைப் பிடியடா!"

தொண்ணூற்றெட்டுக் கிலோ சச்சிதானந்தன் யோசிக்கவே இல்லை. ஹாகொன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு 112-ஐ அழுத்தினான்.

* * *

இருபது நிமிடத்தில் பொலிஸ். ஒரு பெண் அதிகாரி குறிப்பேட்டோடு நின்றாள். கைவிலங்கோடு உட்கார்ந்திருந்த ஹாகொன் எல்லாவற்றையும் கக்கினான்.

"உள்ளே ஆள் இல்லை என்று எப்படி நிச்சயமாக நம்பினாய்?" என்று கேட்டாள் அதிகாரி.

"பத்து மாதமாகப் பார்க்கிறேன்" என்று விம்மினான் ஹாகொன். "ஞாயிறு நாலரையிலிருந்து ஆறுவரை இவர்கள் விமானத்தைத் தொட்டதே இல்லை. பனி கொட்டினாலும் காருக்குள் போய்த் தேநீர்தான். இன்று முற்றத்தில் காரையும் காணவில்லை!"

பாலேந்திரன் பஞ்சாங்கக் கதையைச் சொன்னான். அதிகாரி எழுதினாள். நிறுத்தினாள். சூரியன், எட்டுப் பங்கு என்று மறுபடியும் கேட்டாள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, சமய வழக்கம் என்று மட்டும் போட்டாள்.

"சரி, அவனிட்டைச் சாவி எப்பிடி?" பாலேந்திரன் சச்சியைப் பார்த்தான்.

சச்சிதானந்தன் தலையைக் குனிந்தான். "நான்தான் குடுத்தனான். கூரை ஒழுகுதாம், நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பாத்துவிடுறன் எண்டவர். அதுதான் நீ தொடமாட்டாய்தானே எண்டு உன்னைக் கேட்டனான். பிறகு மேட்ச் பாக்கேக்கை யோசிச்சன்... பத்து மாசமா ஒழுகாத கூரை இண்டைக்கு ஏன் ஒழுகுது? எழும்பி ஓடிவந்தனான்."

"மச்சான்... நான் உன்னைச் சந்தேகப்பட்டனான்."

"தெரியும். போனிலை உன்ரை குரல் ஒரு மாதிரித்தான் இருந்தது."

இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

சரியாக ஆறு மணிக்குக் கார் வந்து நின்றது. தேங்காய், பழத்தட்டோடு சிறிதேவி இறங்கினாள். பொலிஸ், கைவிலங்கு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பாலேந்திரன் ஒன்றும் மறைக்காமல் சொல்லி முடித்தான்.

"உந்தப் பிளேனிலை ஆள் செத்தது எனக்கு மார்கழியிலையே தெரியும்" என்றாள் அவள்.

"என்ன?!"

"ஆர்வித்தின்ரை மனுசி நான் வேலை செய்யிற முதியோர் ஹைமிலைதானே இருக்கிறா. நாள் தவறாமல் அவவுக்குத் தலை வாரி இழுத்துவிடுறது நான். கதை முழுக்கச் சொல்லி அழுதவ."

"பின்னை ஏன் என்னை மறிக்கேல்லை, சிறி?"

"மறிச்சா நிப்பியளோ?" அவள் தட்டைச் சச்சியின் கையில் திணித்தாள். "ஒரு மனுசி தாலி இழந்த பிளேன். நான் சும்மா விடுவனோ? காலமை கோயிலுக்குப் போக முதல் உங்கடை சாவியோடை இஞ்சை வந்திட்டுத்தான் போனனான்."

கைப்பையைத் திறந்தாள். ரிசூப் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தாள்.

இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக்குகள். நாலும்!

"பத்து மாசமா வீட்டிலை உந்தக் கதைதானே. எதைக் கழட்டினா எஞ்சின் தும்மவும் மாட்டுது எண்டு எனக்குத் தெரியாதோ?"

பாலேந்திரன் பிளக்குகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். பொலிஸ் அதிகாரி பேனையை மூடினாள். சச்சிதானந்தன் மட்டும் விலங்கோடு இருந்த ஹாகொனை மேலும் கீழும் பார்த்து, சூள் கொட்டினான்.

"பாவம் மனுசன்! எழும்பாத பிளேனை விழுத்தப் போய் எழும்ப ஏலாமல் விழுந்துபோனான்!"